பசு முகத்து ஸ்டிக்கர்

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மகன் எட்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். வரும்போது ஒரு பெட்டி நிறைய வெளிநாட்டு மிட்டாய் வரும். அவன் திரும்பிக் கப்பல் ஏறிய பிறகும் தெருக்காரர்கள் வந்து, அந்தத் தகர டப்பா மிட்டாய் இன்னும் இருக்கிறதா, விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் மருமகளுக்குக் கடை வைக்கும் ஆசை வந்தது.

மாமனார் சொன்ன வழி சுலபமானது. பெட்டியைத் திற, மேசையில் பரப்பு, வில். மகன் இனி நாலு பெட்டியாகக் கொண்டுவரட்டும். மருமகள் ஒப்பவில்லை. பெட்டியில் வருவது வீட்டில் தின்ன. கடையில் விற்பது சுங்கம் கட்டி, சோதனைச்சாலைக்குப் போய்வந்து, பதிவு பெற்ற இறக்குமதிக்காரர் கைவழியாகத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஐந்து மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கடிகாரம் பழுது பார்ப்பவர் காலி செய்துவிட்டுப் போன பத்தடிக்கு எட்டடி அறையை வாடகைக்கு எடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய பெயின்ட், கை கழுவத் தனிக் குழாய், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தட்டுகள். உணவு அலுவலர் வந்து தட்டுக்கு அடியில் தன் பேனாவை நிறுத்தி உயரம் பார்த்தார். அவர் போனதும் மாமனாரும் ஒரு பேனாவை நிறுத்திப் பார்த்தார். அலுவலர் பேனா நீளமா, நம் பேனா நீளமா என்று அவருக்கு ஒரு யோசனை.

சந்தேகப்படுவதுதான் அவர் செய்த தொழில். முப்பத்துநாலு வருஷம் ஒரு பெரிய கிடங்கின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையைத் துழாவினார். செருப்புக்குள் சாமான் வைத்துப் போனவனைப் பிடித்திருக்கிறார். வயிற்றில் துணி கட்டி நிறைமாதம் என்று நடந்தவளையும் பிடித்திருக்கிறார். தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். யாரையும் நல்லவன் என்று சொல்லமாட்டார். மிஞ்சிப்போனால், "இன்னும் மாட்டலை" என்பார். எழுத்து அவருக்கு அரைகுறை. எண் மட்டும் சுத்தம்.

மருமகள் விஷயத்தில் அவருக்குள் வேறு ஒன்று இருந்தது. மனைவி இறந்த வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. நாற்பது நாள், ஒரு நாளைக்கு ஆறு வேளை, சொட்டுமருந்து விட்டது மருமகள்தான். தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "மேல பாருங்க மாமா, இமைக்காதீங்க" என்பாள். விட்டு முடித்ததும் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். இருநூற்று நாற்பது கோடு. கறுப்புக் கண்ணாடி கழற்றிய அன்று அவர் முதலில் பார்த்தது அந்தச் சுவரைத்தான். எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. யாருக்கும் எதற்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வாய். அன்றிலிருந்து அவளுக்குக் காவல் இருக்க ஆரம்பித்தார். பால் ஊற்றுகிறவர் அளவு, வயர்மேன் கூலி, தையல்காரி வெட்டிக் கொடுத்த மிச்சத் துணி, எல்லாவற்றிலும் தலையிட்டார். அவளுக்கு அது தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனாலும் எதற்காகச் செய்கிறார் என்று புரிந்து, பொறுத்துக்கொண்டாள்.

கடை திறந்து ஏழாவது மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், உரிமம் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் போகவேண்டிய இரண்டு நாள் வகுப்புக்கு மருமகள் பக்கத்து நகரத்துக்குக் கிளம்பினாள். போகும்முன் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். காலையும் மாலையும் சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து எண்ணை எழுதவேண்டும். குளிர்ப்பெட்டிக் கதவை அறைந்து சாத்தக் கூடாது. உடைந்த பாக்கெட்டை விற்கக் கூடாது.

"வேற எதுவும் செய்ய வேணாம் மாமா. உக்காந்திருந்தாப் போதும்" என்றாள்.

அவள் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம்தான் அவர் மனசில் நிற்கவில்லை.

அன்று காலை பத்து மணிக்குப் புதிய சரக்கு வந்தது. ஒரு அட்டைப்பெட்டி, நாற்பது பாக்கெட். மெல்லுகிற மிட்டாய். உறையில் பச்சைப் புல்வெளி, ஒரு மண் ஜாடியில் தேன், நடுவில் சிரித்த முகமாய் ஒரு பசு. அந்தப் பசு முகத்தில் பாதியை மறைத்து வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் நம் எழுத்தில் பொடிப்பொடியாக என்னென்னவோ. கடையில் மற்ற பாக்கெட்டுகளிலும் இப்படி ஸ்டிக்கர் உண்டு. ஆனால் அவை முதுகுப் பக்கம் இருந்ததால் அவர் கண்ணில் உறுத்தவில்லை. இது முகத்திலேயே இருந்தது.

கிடங்கில் பார்த்த கதை இது. பழைய தேதி போட்ட எண்ணெய் டின்மேல் புதுத் தேதிச் சீட்டை ஒட்டி லாரி ஏற்றிய கூட்டத்தை அவர்தான் காட்டிக்கொடுத்தார். ஒட்டுகிறவன் எதையோ மறைக்கத்தான் ஒட்டுகிறான். மருமகள் படித்தவள், ஆனால் வெள்ளந்தி. இறக்குமதிக்காரன் அவள் தலையில் பழைய சரக்கைக் கட்டிவிட்டான். நல்லவேளை, நாம் இருக்கும்போது வந்தது.

வெந்நீர் வைத்தார். துணியை நனைத்துப் பிழிந்து ஸ்டிக்கர்மேல் போட்டு, மனசுக்குள் இருபது எண்ணினார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, குழந்தையின் காயத்திலிருந்து பிளாஸ்திரியை எடுப்பதுபோல மெல்ல உரித்தார். பசுவின் மறுபாதி முகம் வெளியே வந்தது. வேறொன்றும் இல்லை. பழைய தேதி இல்லை, கிழித்த தடம் இல்லை. பாக்கெட்டைத் திருப்பினார். முதுகில் அவர் அறியாத எழுத்தில் ஏதோ வரிகள், கீழே ஒரு தேதி. ஸ்டிக்கரில் இருந்த அதே தேதி.

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்றால், பசு அழகாக இருந்தது. அதுதான் உண்மை. ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட்டை ஸ்டிக்கர் உள்ள பாக்கெட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று சீமைச் சரக்கு. மற்றது முகத்தில் பிளாஸ்திரி போட்ட நோயாளி. மருமகள் பாடுபட்டு வாங்கி வைக்கிற சாமானை இப்படியா ஆக்குவான்? அவள் வந்து பார்க்கும்போது தட்டு பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தார். அன்று பகல் முழுக்க உட்கார்ந்து மீதி முப்பத்தொன்பதையும் உரித்தார். ஒரு உறைகூடக் கிழியவில்லை. அந்த வயதில் அந்தக் கை நடுங்காமல் செய்த வேலை. உரித்த ஸ்டிக்கர்களை உருட்டிக் குப்பையில் போட்டார்.

எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் மழைக்கு ஒதுங்கினவர், தட்டைப் பார்த்துவிட்டு, பசு சவரம் பண்ணின மாதிரி இருக்கே என்றார். இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டும் போனார். சைக்கிள் கடைக்காரர் ஒன்று வாங்கினார். அடுத்த வீட்டு வாத்தியாரம்மா இரண்டு. பூதக்கண்ணாடிக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு ஒருத்தி வந்தாள். இதுவரை கடைப்பக்கம் வராதவள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். குடையை மடக்கி வெளியே சாத்திவைத்துவிட்டு உள்ளே வந்தவள், ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துத் திருப்பிப் படித்துப் படித்துத் திரும்ப வைத்தாள். தகர டப்பாவைப் படித்தாள், வைத்தாள். வேஃபரைப் படித்தாள், வைத்தாள். பூதக்கண்ணாடி அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாங்கவந்தவள் இவ்வளவு நேரம் எடுப்பாளா? அவள் கையைப் பார்த்தார். விரல்நுனியெல்லாம் காலையிலிருந்து தண்ணீரில் ஊறினதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. முன்கையில் நீளமாக, நேராக, ஒரு பழைய சூட்டுத்தழும்பு. தோள்பட்டையில் ஊசியால் குத்திய துணித்துண்டு. சிவப்பு நூலில் 58 என்று தைத்திருந்தது.

கடைசியில் பசு மிட்டாயை எடுத்தாள். திருப்பினாள். மறுபடி முன்பக்கம். மறுபடி பின்பக்கம்.

"ஐயா, பிள்ளைக்கு வாங்கணும். இதுல கடலை ஏதாவது இருக்கா?"

"பாலும் தேனும்மா. அதான் படம் போட்டிருக்கே."

"கடலை இல்லையே?"

"பசு மாட்டுல ஏது கடலை?"

அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். போகிறபோது பாக்கெட்டைப் பைக்குள் போட்டதை அவர் பார்த்தார். வேறு எதையும் எடுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

மருமகள் மூன்று மணிக்குள் வந்துவிட்டாள். வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதாம். நனைந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஸ்டிக்கர் எங்க மாமா?"

அவர் நடந்ததைச் சொன்னார். கிடங்கில் எண்ணெய் டின் கதையிலிருந்து ஆரம்பித்து, வெந்நீர், துணி, இருபது எண்ணிக்கை எல்லாம் விளக்கமாகச் சொன்னார். இதுவரை அவளுக்கு எதுவும் பரிசு கொடுத்திராத மனிதர் முதல்முறையாக ஒன்றைக் கொடுக்கிற குரல் அது. அவர் முடித்ததும் அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

அப்புறம் சொன்னாள். சத்தம் போடவில்லை, அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெளிநாட்டு எழுத்து இங்கே வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் உள்ளே என்ன இருக்கிறது, யார் கொண்டுவந்தது, யார் பொறுப்பு என்று நம் எழுத்தில் எழுதி ஒட்டினால்தான் அந்தச் சாமானை விற்கலாம். ஒட்டாமல் விற்றால் அது சட்டப்படி சாமானே இல்லை. ஒட்டுகிற உரிமை இறக்குமதிக்காரருக்கு மட்டும். உரிக்கிற உரிமை யாருக்கும் இல்லை.

"உரிமம் போயிடுமா?" என்றார் அவர்.

"அது அப்புறம். வித்தது எத்தனை, யார் யாருக்கு, அதச் சொல்லுங்க. இந்தப் பசு மிட்டாய் இருக்கே, இதுல பாதி கடலை மாவு மாமா. படத்துல இருக்காது. ஸ்டிக்கர்ல தடிச்ச எழுத்துல போட்டிருப்பாங்க. சிலருக்குக் கடலை ஒரு துளி போனாலும் தொண்டை அடைச்சிடும். போன வருஷம் ஒரு பிள்ளை செத்தே போச்சுன்னு நேத்து வகுப்புல சொன்னாங்க."

பூதக்கண்ணாடி பசு மிட்டாய்த் தட்டைத் திரும்பிப் பார்த்தார். மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒருத்தி கேட்டா" என்றார்.

"என்ன கேட்டா?"

"பிள்ளைக்கு வாங்க வந்தவ. கடலை இருக்கான்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன்."

மருமகள் எழுந்துவிட்டாள். வந்தவள் யார், எந்தத் தெரு, பேர் என்ன என்று கேட்டாள். எதுவும் தெரியாது. ஆனால் பார்த்ததைச் சொல்லச் சொன்னபோது, முப்பத்துநாலு வருஷப் பழக்கம் அவரைக் கைவிடவில்லை. வெளுத்த விரல், நேரான சூடு, தோளில் சிவப்பு நூல் எண், அவள் கடந்து போனபோது அடித்த பிளீச்சிங் பவுடர் வாடை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். திருடி என்று நினைத்துப் பார்த்ததை இப்போது வரிசையாக ஒப்பித்தார்.

"ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடம்" என்றாள் மருமகள். "பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கதான் ஆளுக்கு ஒரு நம்பர் குத்தியிருப்பாங்க. ஏறுங்க வண்டில."

கிளம்பும்முன் எதிர்க்கடைக்கு ஓடினாள். முடிதிருத்துகிறவர் இரண்டு பாக்கெட்டையும் பிரித்துத் தின்றிருந்தார். எனக்கு இரும்பைத் தின்றாலும் செரிக்கும், பசு என்ன பண்ணும் என்றார். மற்ற மூன்று பாக்கெட்டுக்கும் தானே போய்ச் சொல்லித் திரும்ப வாங்கிவந்துவிடுவதாகக் கையிலிருந்த கத்தரியை வைத்துவிட்டுக் கிளம்பினார். நாற்காலியில் பாதித் தலை வெட்டின ஒரு ஆள் துணியைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தான். முடிதிருத்துகிறவர் செய்த உதவிக்கு அன்று யாரும் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

மருமகள் ஓட்டும் ஸ்கூட்டரில் பூதக்கண்ணாடி அதுவரை ஏறினதில்லை. பின்னால் உட்காருகிறவன் தன் உயிரை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்துவிடுகிறான். அவருக்கு அது ஆகாது. அன்று ஏறினார். பின்கம்பியை ஒரு கையால் பிடித்தார். பாலத்தில் வண்டி வழுக்கியபோது அவள் தோளையும் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும் என்று அவள் முன்னால் பார்த்தபடி சொன்னாள். மூன்று இருபது. மழைத் தண்ணீர் அவர் கண்ணாடியில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அவர் வாழ்நாளில் தன் கண்ணைத் தவிர எதையும் நம்பினதில்லை. அந்தத் தூரம் முழுக்கக் கண் தெரியாமலேதான் போனார்.

சலவை நிலையத்து வாசலில் காவலர் நிறுத்தினார். யார் வேண்டும் என்றார். பேர் தெரியாது என்றாள் மருமகள். பேர் தெரியாமல் உள்ளே விடமுடியாது என்றார் காவலர். அவர் சொன்னது முறைதான். பூதக்கண்ணாடி முப்பத்துநாலு வருஷம் சொன்னதும் அதேதான். எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே அவசரம் இருந்ததோ.

வண்டியிலிருந்து இறங்கி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நானும் கேட் ஆளுதான். பொய் சொல்றவன் நெறையப் பேசுவான், உனக்கே தெரியும். நான் ஒண்ணுதான் சொல்றேன். ஒரு குழந்தை சாப்பிடக் கூடாததை அதோட அம்மா கையில குடுத்துட்டேன். அம்பத்தெட்டாம் நம்பர்."

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார். திறந்ததோடு இல்லாமல் தானே முன்னால் ஓடினார்.

உள்ளே ஆவி. நீளமான கொட்டகை, ஒரு பக்கம் துணி அலசுகிற பெரிய இயந்திரங்கள், மறுபக்கம் காய்ந்த வெள்ளை விரிப்புகளை இரண்டிரண்டு பெண்களாக நின்று மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இழுக்க, ஒருத்தி விட, இருவரும் நெருங்கி முனையோடு முனை சேர்த்து விலகுவார்கள். அந்த வரிசையின் கடைசியில் அவள் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த விரிப்பு தாழ்ந்தது.

மருமகள்தான் பேசினாள். எங்கள் கடையில் வாங்கிய மிட்டாயில் கடலை இருக்கிறது, தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள், கொடுத்திருந்தால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், வண்டி வாசலில் நிற்கிறது என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

அந்தப் பெண் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். உள்ளேயிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். பிரிக்கவில்லை. பசு சிரித்துக்கொண்டிருந்தது.

"குடுக்கலை" என்றாள்.

மருமகள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி அழுக்குத்துணிக் கூடை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணுக்கு ஏழு வயசு" என்றாள் அவள். "ரெண்டு தடவை மூச்சு நின்னு பொழைச்சவ. கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் இந்த மாதிரி மிட்டாய் தின்னும். இவ காகிதத்தை வாங்கி மோந்து பாத்துட்டு வருவா. உங்க கடையில எல்லாத்துலயும் கடலைன்னு எழுதியிருந்துச்சு. இது ஒண்ணுலதான் நான் படிக்கிற எழுத்து எதுவுமே இல்லை. ஆசையில வாங்கிட்டேன்."

"அப்புறம் ஏம்மா குடுக்கலை?" என்று மருமகள் கேட்டாள்.

அவள் பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"பெரியவர் இல்லைன்னு சொன்னார். ஆனா அவர் கண்ணு எழுத்து மேல போகலை, பசு மேல போச்சு. படிச்சு சொல்ற ஆளோட கண்ணு எனக்குத் தெரியும். அதனால நம்பலை. இங்க கணக்கு எழுதுறவர் வெளிநாட்டுல இருந்தவர், அவருக்கு அந்த எழுத்து தெரியும், நாளைக்கு வருவார், காட்டிட்டுக் குடுப்போம்னு பையிலயே வச்சுட்டேன். தப்பா நெனைச்சுக்காதீங்க ஐயா."

அவர் தப்பாக நினைக்கவில்லை. ஏதோ சொல்ல நினைத்தார். அதற்குள் இரண்டு பெண்கள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு, மருமகள் கையைப் பிடித்து எழுந்து, வாசலுக்கு வந்தார். காவலர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றாள் மருமகள். ஒன்றும் ஆகவில்லை என்ற சொல்லுக்கு இவ்வளவு ருசி உண்டு என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. பாலத்தின்மேல் வண்டியை ஓரமாக நிறுத்தி, மருமகள் தன் முந்தானையால் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அவளாகவே உணவு அலுவலரிடம் போனாள். போகவேண்டாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று முந்தின வாரத்துப் பூதக்கண்ணாடி சொல்லியிருப்பார். இந்த வாரத்தவர் கூடவே போனார். அலுவலருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடை என் பேரில் இருக்கிறது, பொறுப்பு என்னுடையது என்றாள் மருமகள். பூதக்கண்ணாடி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"உரிச்சது நான்" என்றார்.

"ஸ்டிக்கருக்கு அடியில என்ன தேடினீங்க?"

"திருட்டுத்தனம்."

"இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப மீதி முப்பத்தொம்பதை ஏன் உரிச்சீங்க?"

"மாடு அழகா இருந்துச்சுங்க."

அலுவலர் தும்மினாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து வெகுநேரம் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கண்டிப்பாகவே பேசினார். இருந்த பாக்கெட்டுகளையெல்லாம் சீல் வைத்தார். இறக்குமதிக்காரர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்று எழுதினார். எழுத்துமூலம் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இன்னொருமுறை நடந்தால் உரிமம் இல்லை என்றார். விற்றதைத் தேடிப்போய்த் திரும்ப வாங்கியதாலும் தாமாக வந்து சொன்னதாலும் இந்தமுறை இத்தோடு விடுகிறேன் என்று முடித்தார். அந்த எச்சரிக்கைக் காகிதத்தை மருமகள் மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். பூதக்கண்ணாடி கேட்டு வாங்கினார். எழுத்துக்கூட்டி இரண்டு வரி படித்தார். தன்மேல் எழுதப்பட்ட குற்றத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சுவிட்ட மனிதர்களை அந்த ஆபீஸ் அதிகம் பார்த்திருக்காது.

இறக்குமதிக்காரர் போனில் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. பசு முகத்தில் ஒட்டினது எங்கள் பிசகு, அடுத்த சரக்கில் முதுகுப் பக்கம் ஒட்டச் சொல்கிறேன் என்றார். மருமகள் அவரிடம் இன்னொன்று கேட்டாள். கடலை அறவே இல்லாத, கடலை நுழையாத ஆலையில் செய்த மிட்டாய் எது? பழச்சாற்று ஜெல்லி ஒன்று இருக்கிறது என்றார். இரண்டு நாளில் ஒரு பெட்டி அனுப்பினார்.

பெட்டி வந்த அன்று மருமகள் ஒரு பாக்கெட்டை எடுத்து மாமனார் கையில் வைத்தாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி நடந்தே போனார். வாசல் காவலர் எழுந்து கதவைத் திறந்தார்.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். கூட மடிக்கிறவளுக்குக் காய்ச்சலாம். ஒற்றை ஆளாக ஒரு பெரிய விரிப்போடு போராடிக்கொண்டிருந்தாள். ஒரு முனையைப் பல்லில் கடித்துப் பிடித்திருந்தாள். பூதக்கண்ணாடி பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, போய் மறுமுனையைப் பிடித்தார். அவள் வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை. முதல் விரிப்பு கோணலாகப் போயிற்று. அவள் பிரித்து மறுபடி மடித்தாள். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் இழுக்கவேண்டிய நேரமும் விடவேண்டிய நேரமும் அவர் கைக்குப் பிடிபட்டன.

நாலாவது விரிப்பில், முனையோடு முனை சேர்க்க இருவரும் நெருங்கி வந்தபோது அவர் சொன்னார்:

"அன்னிக்கு நீ என்னை நம்பலை."

அவள் கை நின்றது. "அதத்தான் அன்னிக்கே மன்னிச்சுக்கச் சொன்னேனேங்க ஐயா."

"இல்லம்மா. நான் ஒரு ஆளையும் நம்பாம எழுபத்தோரு வருஷம் ஓட்டினவன். அதனால எவனுக்கும் ஒரு நன்மை நடந்து நான் பாத்ததில்லை. உன்னாலதான் பாத்தேன். உன் பொண்ணு நல்லா இருக்கணும். நீயும் நல்லா இருக்கணும். இதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவள் விரிப்பின் முனையை அவர் கையிலேயே விட்டுவிட்டு முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் இருந்த பாக்கெட் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"இது பொண்ணுக்கு" என்றார். "கடலை இல்லைன்னு மருமக சொன்னா."

அவள் பாக்கெட்டை எடுத்தாள். முதுகுப் பக்கம் திருப்பினாள். ஸ்டிக்கர் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலை ஒவ்வொரு வரியின் கீழும் நகர்த்தி, உதடு அசையப் படித்தாள். கடைசி வரி வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனாள்.

பூதக்கண்ணாடி விரிப்பின் நாலு முனையையும் தரையில் படாமல் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தபடி, அவள் படித்து முடிக்கும்வரை நின்றிருந்தார்.